மூடிகள், சிரட்டைகள், ஒரு முறம்



சென்ற திங்கள் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருந்தோம். எழுதியவர் ஓர் இளந்தாய். ஊரும் பெயரும் இங்கே வேண்டா. கணவர் கட்டட வேலைக்குச் செல்பவர். இரண்டு வயதும் நான்கு திங்களும் நிரம்பிய ஒரே பெண் குழந்தை. கடிதத்தின் நடுப்பகுதியை அவர்தம் சொற்களிலேயே தருகிறோம்.

"பக்கத்து வீட்டில் பிள்ளைக்கு 2,800 ரூபாய் கொடுத்து விளையாட்டுப் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறார்கள். மரக்கட்டைகளை நிறம் பார்த்து, வடிவம் பார்த்துப் பிரித்துப் போட வேண்டும். மூளை வளரும் என்று பெட்டியின் மேல் போட்டிருக்கிறது. எங்களால் அது ஆகாது, சாமி. வீட்டுக்காரர் மாலையில் வந்ததும் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, சிவப்பு எது, மஞ்சள் எது என்று கேட்கிறார். அவள் எதையாவது காட்டுகிறாள். தலையில் குட்டுகிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லா நிறமும் சொல்கிறானாம். இப்போது அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே பாப்பா என் சேலைக்குள் வந்து ஒளிந்துகொள்கிறாள்."

இக்கடிதத்தில் இரண்டு வினாக்கள் உள்ளன. பெட்டி வாங்க இயலாத வீட்டுக் குழந்தை பின்தங்கிவிடுமா என்பது ஒன்று. நிறம் சொல்லத் தெரியாத குழந்தை மந்தமா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை எளிது. பின்தங்காது. அப்பெட்டியைக் கொண்டு செய்வதை எல்லாம் வீட்டில் கிடக்கும் பொருள்களைக் கொண்டே செய்யலாம். எவ்வாறு என்பதைப் பின்னர்க் கூறுவோம். இரண்டாம் வினாவே அவசரமானது. ஆகவே அதனை முதலில் எடுத்துக்கொள்வோம்.

இனம் பிரித்தல் என்பது நாம் குழந்தைக்குப் புதிதாகக் கற்றுத்தரும் கலை அன்று. அதனைக் குழந்தை தானே செய்கிறது. மாட்டைக் கண்டு 'ம்மா' என்று சொல்லப் பழகிய குழந்தை, ஆட்டைக் கண்டும் கழுதையைக் கண்டும் 'ம்மா' என்கிறது. நாம் சிரிக்கிறோம். அதுவோ நான்கு காலும் ஒரு வாலும் உடையவற்றை எல்லாம் ஓரினமாக்கி, அவ்வினத்திற்கு ஒரு பெயரும் இட்டிருக்கிறது. ஏறத்தாழ ஒரு வயதில் பாத்திரத்துக்குள் பொருள்களைப் போடுவதும் எடுப்பதுமாக இருக்கும். ஒன்றரை வயதை ஒட்டி, கலந்து கிடக்கும் பொருள்களுள் ஒரே வகையானவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடத் தொடங்கும். பின்னர் அவற்றைத் தனித்தனிக் குவியலாக ஒதுக்கும். இதனை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

அலிசன் கோப்னிக், ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் என்னும் இரு ஆய்வாளர்கள் 1987-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் இதனை நன்கு காட்டினர். நான்கு பொருள்கள் ஒரு வகை, நான்கு பொருள்கள் மற்றொரு வகை, ஆக எட்டுப் பொருள்களைக் கலந்து குழந்தையின் முன் வைத்தார்கள். குழந்தை அவற்றை இரு குவியல்களாகப் பிரிக்கத் தொடங்கும் காலமும், அதன் வாயில் பொருள்களின் பெயர்கள் மளமளவென்று பெருகும் காலமும் மிக நெருங்கி வருவதைக் கண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இனம் உண்டு, ஒரு பெயர் உண்டு என்னும் எண்ணம் அப்பருவத்தில் பிறக்கிறது போலும்.

ஆயினும் நிறத்தின் பெயர் அத்துணை எளிதாக வருவதில்லை. தம்ளர் என்றால் கையில் பிடிக்கும் ஒரு பொருள். சிவப்பு என்பது அவ்வாறு பிடித்துக் காட்டக்கூடிய பொருளன்று. மிளகாய்ப்பழம் சிவப்பு, அண்ணனின் சட்டை சிவப்பு, பேருந்தின் விளக்கும் சிவப்பு. இவை மூன்றிலும் பொதுவாக நிற்கும் அந்த ஒன்றை மட்டும் உரித்தெடுத்து அதற்குப் பெயர் சூட்ட வேண்டும். வளர்ந்தவர்களாகிய நமக்கு இது பழகிப் போனதால் கடினம் தெரிவதில்லை. சிவப்புத் துணியைச் சிவப்புத் துணியோடு பிழையின்றிச் சேர்க்கும் இரண்டு வயதுக் குழந்தை, "சிவப்பு எது?" என்று கேட்டால் மஞ்சளைத் தொடுவது உலகெங்கும் காணும் வழக்கம். அதன் கண் அறிந்ததை அதன் நாவும் செவியும் இன்னும் அறியவில்லை; அவ்வளவே. அதனை மந்தம் என்று சொல்பவர் குழந்தைகளைக் கவனித்துப் பார்த்ததில்லை என்றே நாம் கூறுவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுவார் செகேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருந்தார். அறிவு வளர்ச்சி குன்றியவர் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கற்பிப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர். ஒரு பெயரைக் குழந்தைக்குக் கற்பிக்க மூன்று படிகள் வேண்டும் என்பது அவர் கண்ட முறை. முதற்படியில், பொருளைக் காட்டி நாமே பெயரைச் சொல்ல வேண்டும்: "இது சிவப்பு, இது மஞ்சள்." வேறு பேச்சு கூடாது. இரண்டாம் படியில், பெயரை நாம் சொல்ல, பொருளைக் குழந்தை எடுக்க வேண்டும்: "சிவப்பைக் கொடு, மஞ்சளை அம்மா மடியில் வை." இப்படி நாட்கணக்கில் விளையாடலாம். இதுவே நீளமான படி. மூன்றாம் படியில்தான் பொருளைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்பது. இரண்டாம் படியில் குழந்தை தடுமாறினால் திருத்த வேண்டியதில்லை. சிரித்துக்கொண்டே பொருள்களை எடுத்து வைத்துவிட்டு, மற்றொரு நாள் முதற்படியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

கடிதம் எழுதிய தாயின் கணவர் முதற்படியை விட்டுவிட்டுத் தேர்விலிருந்து தொடங்கியிருக்கிறார். அவர் ஒருவரே அல்லர். நம் இல்லங்களில் பெரும்பாலும் நடப்பது இதுவே. விருந்தினர் வந்ததும் குழந்தையை நடுவே நிறுத்தி, "மாமாவுக்குச் சொல்லு, இது என்ன கலர்?" என்று கேட்பது மூன்றாம் படி. கற்பிக்காததைத் தேர்வில் கேட்டு, விடை வராதபோது தலையில் குட்டுவது எந்தப் பள்ளியிலும் நியாயம் ஆகாது. இரண்டு வயதுக் குழந்தையிடம் அது கொடுமை. இதனை அக்கணவர் படிப்பார் என்று எண்ணியே இங்கு அழுத்திச் சொல்கிறோம். நாளெல்லாம் வெயிலில் செங்கல் சுமந்து வந்து, மகள் முன்னேற வேண்டும் என்னும் ஆசையால்தான் அவர் அப்படிக் கேட்கிறார். ஆசையில் குறையில்லை. கேட்கும் முறையை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் இனம் பிரிக்கும் விளையாட்டின் பயன் விளங்கும். இதில் குழந்தை வாய் திறக்க வேண்டியதில்லை. தான் அறிந்ததைக் கையாலேயே காட்டிவிடுகிறது. யாரும் வினா எழுப்புவதில்லை. ஆகவே தவறான விடையும் இல்லை.

செகேன் கண்ட முறைகளை எடுத்து வளர்த்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். மருத்துவம் கற்ற இத்தாலியப் பெண்மணி. 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் உரோமை நகரின் சான் லொரென்சோ பகுதியில் தமது முதற் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அது ஏழைத் தொழிலாளர் குடியிருந்த அடுக்கு வீடுகள் நிறைந்த பகுதி. தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றபின் மாடிப்படிகளில் ஓடித் திரிந்து சுவரைக் கிறுக்கிக்கொண்டிருந்த ஏறத்தாழ ஐம்பது குழந்தைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளவே அவரை அழைத்தார்கள். இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு பெருந்தொகை வாங்கும் பள்ளிகளைக் காணும்போது, அவர் தொடங்கியது கூலி வேலை செய்வோரின் பிள்ளைகளுக்காக என்பதை நினைத்துக்கொள்வது நல்லது. அப்பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம் என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும், இத்தாலியர் என்பதால் அவர் நடமாட்டத்திற்கு ஆங்கில அரசு கட்டுப்பாடு விதித்தது. போர்க்காலத்தில் சில ஆண்டுகள் நமது கொடைக்கானல் மலையில் தங்கி, அங்கும் குழந்தைகளோடு பணி செய்தார். அவர்தம் சாதனங்களுள் நிறப்பலகைகளும் உருளைகளும் மரத்தால் செய்யப்பட்டவை, விலை உயர்ந்தவை. ஆனால் தம் முதல் நூலில் அவர் விவரிக்கும் பயிற்சி ஒன்று நமக்கு மிகவும் உகந்தது. குழந்தைகளின் கண்ணைக் கட்டி, சோளம், கோதுமை, அரிசி ஆகிய தானியங்களை விரலால் தடவியே பிரிக்கச் செய்வார். நம் சமையலறையில் இல்லாத எதுவும் அதில் இல்லை. அப்பயிற்சி சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு உரியது என்பதை மட்டும் மனத்தில் கொள்க. இரண்டு வயதுக்கு ஏற்றவை வேறு.

இனி, வேண்டிய பொருள்களுக்கு வருவோம்.

நான்கு தேங்காய்ச் சிரட்டைகளை எடுத்து, நார் போகச் சுரண்டி, விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கிக் கொள்ளுங்கள். உப்புத்தாள் இல்லாவிடில் செங்கல்லில் தேய்த்தாலும் போதும். இவையே கிண்ணங்கள். கலந்து கொட்டி வைக்க ஒரு முறம். முறத்தின் விளிம்பு பொருள் உருண்டோடாமல் தடுக்கும். (அரிசி ஆலைகளில் காமிரா பொருத்திய பொறிகளே கல்லையும் கறுப்பு அரிசியையும் நீக்கிவிடுவதால் முறங்கள் பல வீடுகளில் பரணுக்குப் போய்விட்டன. பாட்டிமார் அரிசி பார்க்கும்போது அருகில் அமர்ந்து கல் பொறுக்கிய தலைமுறையினருக்கு இனம் பிரிக்கும் விளையாட்டை யாரும் விலைக்கு விற்க வேண்டிய தேவை இருந்ததில்லை.)

முதல் விளையாட்டுக்கு உருளைக்கிழங்கும் பெரிய வெங்காயமும் போதும். ஒவ்வொன்றிலும் நான்கு. முறத்தில் கலந்து வைத்து, தாய் ஒரு வெங்காயத்தை எடுத்து ஒரு பாத்திரத்தில் இட வேண்டும். ஒரு கிழங்கை எடுத்து மற்றொன்றில் இட வேண்டும். மெல்ல, குழந்தையின் கண் தம் கைமேல் இருக்கும்போது இதனைச் செய்ய வேண்டும். பேசத் தேவையில்லை. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பல தாய்மார்க்குக் கடினமாக இருப்பது இந்தக் காத்திருப்பே. குழந்தை வெங்காயத்தை எடுத்துப் பார்க்கும், தோலை உரிக்கும், உருட்டி விடும். பொறுத்திருங்கள். அன்றைக்கு ஒன்றைக்கூடப் போடாவிட்டாலும் கேடில்லை. பத்து நிமிடங்களில் எடுத்து வைத்துவிடலாம். சலிப்பதற்கு முன் எடுத்து வைத்தால் மறுநாள் தானே கேட்டு வரும்.

அடுத்து, தட்டும் தம்ளரும் கரண்டியும். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை எடுத்து அடுக்கும் வேலையையே விளையாட்டாக்கலாம். துவைத்துக் காய்ந்த துணிகளை மடிக்கும்போது, அப்பாவின் துணி, அம்மாவின் துணி, பாப்பாவின் துணி என்று மூன்று குவியல். இதனைக் குழந்தைகள் மிக விரும்புவர். இதில் நிறம் இல்லை, வடிவம் இல்லை. 'யாருடையது' என்னும் அறிவே அளவுகோல். மேலும் இது பொய் வேலை அன்று. வீட்டுக்கு வேண்டிய வேலையில் தானும் பங்கு கொண்டோம் என்பதை இரண்டு வயதுக் குழந்தையும் உணரும்.

நிறத்திற்கு வருவோம். நிறத்தைக் காட்ட விரும்பினால் நிறம் ஒன்றே வேறுபட வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். பெரிய சிவப்பு மூடி, சிறிய நீல மூடி, நீண்ட மஞ்சள் டப்பா எனக் கையில் கிடைத்ததை எல்லாம் கலந்து கொட்டிவிட்டு, நிறம் பார்த்துப் பிரி என்கிறோம். குழந்தைக்கு எதைப் பார்ப்பது என்று விளங்காது. ஆகவே தையற்கடையில் வெட்டிப் போட்ட துணித்துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றிலும், ஒரே வகைத் துணியில், உள்ளங்கை அளவில், ஒரே சதுரமாக நான்கு நான்கு வெட்டி, ஓரம் பிரியாமல் மடித்துத் தைத்து விடுங்கள். சிரட்டையின் அடியிலும் அதே துணியில் ஒரு துண்டை ஒட்டிவிட்டால் எந்த நிறத்தின் வீடு எது என்பது பார்த்தவுடன் தெரியும். முதலில் சிவப்பும் நீலமும் மட்டும் போதும். சில நாள் கழித்து மஞ்சள். பச்சையை நீலத்தோடு உடனே சேர்க்க வேண்டா.

வடிவமும் அவ்வாறே. பழைய திருமண அழைப்பிதழ்கள் எல்லார் வீட்டிலும் கட்டுக்கட்டாக இருக்கும். தடித்த அட்டைகளாகப் பார்த்து, பின்புறத்து வெள்ளைப் பக்கம் மேலே வருமாறு வட்டங்களும் சதுரங்களும் வெட்டுங்கள். செருப்புப் பெட்டியின் மூடியில் வட்டமாக ஒரு துளை, சதுரமாக ஒரு துளை இட்டால் தபால் பெட்டி ஆயிற்று. தட்டையாக வைக்கும்போது தவறான துளையில் அட்டை நுழையாது என்பதால் யாரும் குழந்தையைத் திருத்த வேண்டியதில்லை. பெட்டியே திருத்திவிடும். இதற்கு அளவைச் சற்றுக் கவனமாக வெட்ட வேண்டும். வட்டம் சதுரத் துளையில் நழுவி விழுமானால் விளையாட்டு கெட்டது.

இலைகளும் நன்று. மாவிலை, பூவரச இலை, வாழை இலைக் கீற்று. செலவில்லை, வாடியபின் எறிந்துவிடலாம். அரளி, எருக்கு ஆகிய இரண்டையும் மட்டும் தொட வேண்டா. இரண்டும் நஞ்சு.

இவ்விடத்தில் சற்று நின்று, எச்சரிக்கையாகச் சில சொல்ல வேண்டியுள்ளது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை எதையும் வாயில் இட்டுப் பார்க்கும். ஆகவே நிலக்கடலை, கொண்டைக்கடலை, புளியங்கொட்டை, சோழி, கோலிக்குண்டு, சட்டைப் பொத்தான், பாசிமணி, சின்ன வெங்காயம் ஆகிய எதுவும் இவ்விளையாட்டில் கூடாது. மூச்சுக்குழலில் சென்று அடைத்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். மூக்கில் ஏற்றிக்கொண்ட கடலை ஈரத்தில் ஊறிப் பருத்துவிடும். பொம்மைகளைச் சோதிக்க வெளிநாட்டு விதிகளில் 3.17 செ.மீ. விட்டமுள்ள குழல் ஒன்றைப் பயன்படுத்துவர்; அதற்குள் அடங்கும் எதுவும் மூன்று வயதுக்கு உட்பட்டோர்க்கு ஆகாது. கடையில் விற்கும் தண்ணீர்ப் புட்டியின் மூடி ஏறத்தாழ 3 செ.மீ. தான் இருக்கும். எனவே அதுவும் ஆகாது. வாயகன்ற ஊறுகாய்ச் சாடி, எண்ணெய் டப்பா, பால்மாவு டப்பா ஆகியவற்றின் பெரிய மூடிகளையே சேர்த்து வையுங்கள்.

குன்றிமணி காண அழகாக இருக்கும். சிவப்பும் கறுப்புமாக இருப்பதால் இவ்விளையாட்டுக்கென்றே படைக்கப்பட்டது போலத் தோன்றும். அதனை வீட்டிலேயே வைக்காதீர்கள். ஒரு மணியைக் கடித்து மென்றாலும் குழந்தையின் உயிருக்கு ஆபத்து நேரலாம். ஆமணக்கு விதையும் அப்படிப்பட்டதே. கைக்கடிகாரத்திலும், சில தொலைக்காட்சிப் பெட்டிகளின் கைக்கருவியிலும், பாட்டுப் பாடும் பொம்மைகளிலும் காசு போன்ற சிறு மின்கலம் இருக்கும். அது தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழலைப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். குழந்தை அதனை விழுங்கியது என்று ஐயம் தோன்றினாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மறுநாள் வெளியேறிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. காலித் தீப்பெட்டிகளைச் சிலர் கிண்ணமாகப் பயன்படுத்துவர். அளவில் அழகுதான். ஆனால் தீப்பெட்டி விளையாட்டுப் பொருள் என்னும் எண்ணத்தை இரண்டு வயதில் ஊட்டிவிட்டு நான்கு வயதில் எப்படி நீக்குவது?

பல்லாங்குழியும் தானியம் பிரித்தலும் நான்கு வயதுக்குப் பின், அதுவும் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது.

குழந்தை நாம் நினைத்தபடி பிரிக்காதபோது என்ன செய்வது? இது பலரும் கேட்கும் வினா. நமது பங்கில் ஒரு வீட்டில் கண்டதைச் சொல்கிறோம். மூன்றேகால் வயதுச் சிறுவன். முறத்தில் பன்னிரண்டு பெரிய மூடிகள். சிவப்பு, பச்சை, மஞ்சள். தாய் மூன்று கிண்ணம் வைத்திருந்தார். பையனோ இரண்டே கிண்ணங்களில் போட்டான். ஒன்றில் சிவப்பும் பச்சையும் கலந்து ஐந்து. மற்றொன்றில் மூன்று நிறமும் கலந்து ஏழு. "எத்தனை தடவை சொல்லியும் ஏறவில்லை பாருங்கள், சாமி" என்று தாய் வருந்தினார். திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டி எழுந்து வந்து ஐந்து மூடிகளையும் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "நீங்களும் மோந்து பாருங்க, சாமி" என்று நம்மிடம் நீட்டினார். ஐந்தும் ஊறுகாய்ச் சாடியின் மூடிகள். எத்தனை முறை கழுவினாலும் பெருங்காய வாசம் போகுமா? அவன் மோந்து பார்த்தே பிரித்திருக்கிறான். ஒன்றுகூடத் தவறவில்லை. அத்தாய்க்குத் தெரிந்த மூன்று இனங்களைவிட அவன் கண்ட இரண்டு இனங்கள் கூர்மையானவை.

எனவே குழந்தை வேறு விதமாகப் பிரித்தால், "தப்பு" என்று சொல்லும் முன், "இது யார் வீடு?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சில வேளை ஓர் ஒழுங்கும் இராது. சிறு குழந்தைகள் வட்டத்தையும் சதுரத்தையும் பிரிக்காமல், சதுரத்தின் மேல் முக்கோணத்தை வைத்து "வீடு" என்றும், வரிசையாக வைத்து "ரயில்" என்றும் சொல்வர். ஜெனிவா நகரின் ழான் பியாஜே அவர்களும் பேர்பெல் இன்ஹெல்டர் அம்மையாரும் 1959-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய அடுக்குகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். இது குறும்பு அன்று; வளர்ச்சியில் ஒரு கட்டம்.

மற்றொன்றும் உண்டு. நேற்றுவரை நிறம் பார்த்துப் பிரித்த மூன்று வயதுக் குழந்தையிடம், "இன்று நிறத்தைப் பார்க்காதே, உருவத்தைப் பார்த்துப் பிரி" என்று சொல்லிப் பாருங்கள். "எப்படிப் பிரிக்க வேண்டும்?" என்று கேட்டால் புதிய விதியைச் சரியாகச் சொல்லும். கையோ பழையபடி நிறத்தையே பிரிக்கும். கனடா நாட்டில் பிலிப் செலாசோ என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் அட்டைகளைக் கொண்டு இதனைப் பன்முறை சோதித்தனர். மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் பழைய விதியிலேயே நிற்க, நான்கு ஐந்து வயதில் மாறிக்கொள்ளக் கற்றுவிடுகின்றனர். அறிந்தும் செய்ய இயலாத பருவம் அது. வீட்டில் நாம் இதனைப் 'பிடிவாதம்' என்று அழைத்து அடிக்கிறோம்.

சில குழந்தைகள் பிரிப்பதை விடப் பொருள்களை வரிசையாய் அடுக்குவதில் இன்பம் காண்பர். அது நோயா என்று அஞ்சும் பெற்றோரும் நமக்கு எழுதுகின்றனர். அடுக்குவது மட்டும் நோய் அன்று. ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமலும், விரும்பியதைச் சுட்டிக் காட்டாமலும், இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாமலும் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுவதே முறை. காது கேட்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். அதுபோலவே நான்கு வயது கடந்தும் சிவப்பையும் பச்சையையும் விடாமல் குழப்பும் குழந்தை, அதிலும் ஆண் குழந்தை, நிறக்குருடு உடையவனாக இருக்கலாம். அது தாய்வழி வரும் ஒரு குறை. திட்டினால் தீராது. கண் மருத்துவர் எளிதில் கண்டு சொல்வார்.

கைப்பேசியிலேயே இவ்விளையாட்டுகள் வந்துவிட்டனவே என்று இளம் தந்தையர் கேட்பர். அதில் வெங்காயத்திற்கும் கிழங்கிற்கும் ஒரே எடை. ஊறுகாய் மூடிக்கு வாசமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறையும், இரண்டு முதல் நான்கு வயதுவரை திரை பார்ப்பது நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படக் கூடாது, குறைந்தால் நல்லது என்றே கூறுகிறது. இதற்கு மேல் அதைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: மூன்று வயது வரை எந்தப் பள்ளியும் தேடி அலைய வேண்டா. மூன்று நிரம்பியபின் அருகிலுள்ள அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். அங்கும் இத்தகைய விளையாட்டுகள் உண்டு. இப்போதைக்கு உங்கள் கணவர் மாலையில் வரும்போது காய்ந்த துணிகளைப் பாயில் குவித்து வைத்திருங்கள். அவர் கைகால் கழுவி வந்து பாயில் அமரட்டும். எதையும் கேட்க வேண்டா. தம்முடைய சட்டை ஒன்றை எடுத்து ஒருபுறம் வைக்கட்டும். குழந்தையின் கவுன் ஒன்றை எடுத்து மறுபுறம் வைக்கட்டும். முதல் நாள் அவள் உங்கள் சேலைக்குள்ளிருந்தே பார்ப்பாள். இரண்டாம் நாளும் அப்படியே இருக்கலாம். அவர் தொடர்ந்து செய்யட்டும். தம் சட்டையை வேண்டுமென்றே அவள் குவியலில் ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும். அதைப் பிடுங்கி உரிய இடத்தில் வைக்க அவளே வருவாள்.

விளையாடி முடித்ததும் பொருள்களை எண்ணி எடுத்து வையுங்கள். பன்னிரண்டு மூடிகள் கொடுத்தால் பன்னிரண்டும் திரும்ப வேண்டும். ஒன்று குறைந்தால் கட்டிலுக்கு அடியிலும் அரிசிப் பானைக்குள்ளும் தேடிப் பார்த்துவிட்டுப் படுக்கச் செல்லுங்கள்.